திருப்பிப் படியுங்கள்!

நமது நாட்டில் ஒரு பொருள் கொஞ்சம் வேடிக்கையாக இருந்துவிட்டால் போதும். மறுநாளே அதற்கு ஒரு சாமியைச் சொந்தக்காரனாக்கிப் பக்கத்தில் ஓர் உண்டியலையும் வைத்துவிடுவார்கள். வேப்பமரத்தில் பால் வடிந்தால் அம்மன். மரக்கட்டையில் ஒரு முடிச்சு தும்பிக்கைபோல் நீண்டிருந்தால் பிள்ளையார். இரண்டு தலையோடு கன்றுக்குட்டி பிறந்தால் ஏதோ ஒரு கடவுளின் கோபம். மனிதன் தனக்காகத் தானே உண்டாக்கிக்கொண்ட எழுத்துகூட இந்த வரிசையிலிருந்து தப்பவில்லை. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுபோலவே வருகிற சொற்களுக்குத் தெய்வ சக்தி உண்டு என்றும், அவற்றைத் தகட்டில் எழுதிக் கட்டிக்கொண்டால் நோய் தீரும், விஷம் இறங்கும் என்றும் சொல்லிக் காசு பறிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல் விளையாட்டுக்குத் தமிழில் மாலைமாற்று என்று பெயர். தண்டியலங்காரம் என்கிற அணி நூல் இதைச் சித்திரகவிகளில் ஒன்றாகச் சொல்லுகிறது. சம்பந்தர் பாடியதாக மூன்றாம் திருமுறையில் உள்ள ஒரு பதிகம் முழுவதும் இந்த மாதிரியிலேயே அமைந்தது. புலவர்களை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், “விகடகவி” என்றும், “தேரு வருதே” என்றும், “மோரு போருமோ” என்றும், “மாடு ஓடுமா” என்றும் பிள்ளைகள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். இதை நாம் குறை கூற வரவில்லை. மனிதனுக்கு மூளை இருக்கிறது, அது விளையாட ஆசைப்படுகிறது, விளையாடுகிறது. பல்லாங்குழி ஆடுகிறவனையும் கோலம் போடுகிறவளையும் எவன் குற்றம் சொல்லுவான்? ஆனால் பல்லாங்குழியில் ஜெயித்தவன், “என் கையில் கடவுள் வந்துவிட்டார், ஆளுக்கு நூறு ரூபாய் எடு” என்றால் நாம் சும்மா இருக்கலாமா?

இதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவனைத் தெருநாய் காலில் கடித்துவிட்டது. தகப்பன் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஆஸ்பத்திரிக்கு அல்ல. தகடு எழுதிக் கொடுக்கிறவனிடத்தில். அவன் ஒரு செப்புத் தகட்டில் கட்டம் போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும்படி எழுத்துகளைக் கீறி, “முன்னே போன எழுத்து எப்படிப் பின்னே திரும்பி வருகிறதோ, அப்படியே ஏறின விஷமும் இறங்கிவிடும்” என்று வியாக்கியானமும் சொல்லி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஒரு சேவலும் வாங்கிக்கொண்டான். பையனின் அத்தை எட்டாவது வரைக்கும் படித்தவள். அவள் அன்று சாயங்காலமே அண்ணனோடு சண்டை போட்டுப் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, பையனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காசில்லாமல் போடுகிற ஊசியைக் குறித்த நாட்களில் தவறாமல் போடச் செய்தாள். பையன் இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் ஊரில் என்ன பேச்சு தெரியுமா? “தகடு காப்பாற்றிவிட்டது!” தகட்டுக்காரனுக்கு முன்னைவிடக் கூட்டம். அத்தைக்குக் கிடைத்தது, வாயாடி என்ற பட்டம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கடிக்கிற நாய்களெல்லாம் வெறிநாய்கள் அல்ல. வெறியில்லாத நாய் கடித்தால் தகடு கட்டினாலும் பிழைப்பான், கட்டாவிட்டாலும் பிழைப்பான். அந்தக் கணக்கெல்லாம் தகட்டுக்காரனின் வரவில் ஏறுகிறது. வெறிநாய் கடித்தாலோ, அந்தக் கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போய்ச் சேரப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகின்றன. தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்தபிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அப்போது தகட்டுக்காரன் என்ன சொல்லுவான்? “தீட்டுப் பட்டுவிட்டது, தகடு கெட்டுவிட்டது” என்பான். பிழைத்தால் தகட்டின் மகிமை, செத்தால் வீட்டுப் பெண்களின் குற்றம்! நஷ்டமே வராத இந்த மாதிரி வியாபாரம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

நிற்க, எழுத்தைத் திருப்பிப் படித்தால் ஒன்றாக வருவது தெய்வ சக்தியா என்பதையே பார்ப்போம். “விகடகவி” என்பதைத் தமிழில் எழுதித் திருப்பிப் படித்தால் விகடகவிதான். அதையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் திருப்பினால் “இவகடகிவ்” என்று உளறும். “மலையாளம்” என்பதைத் தமிழில் திருப்பினால் ஒன்றும் வராது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் ஒன்பது எழுத்தும் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும். அப்படியானால் விகடகவிக்குள் இருக்கும் சாமி தமிழ் மட்டும் படித்த சாமியா? மலையாளத்துக்குள் இருக்கும் சாமி இங்கிலீஷ் படித்த சாமியா? இன்னொன்று: மந்திரத்தின் சக்தி ஒலியில் இருக்கிறது என்கிறார்கள். “விகடகவி” என்று சொல்லி அதைப் பதிவு செய்து, அந்தப் பதிவைத் திருப்பி ஓடவிட்டுக் கேளுங்கள். விகடகவி வராது; இவகடகிவ்தான் வரும். ஆகவே இந்த மாலைமாற்று காதில் இல்லை, நாக்கில் இல்லை. நாம் எழுதிக்கொள்ளுகிற வழக்கத்தில் மாத்திரம் இருக்கிறது. வழக்கத்தை மாற்றினால் மாயம் போய்விடுகிறது. நாம் மாற்றினால் போய்விடுகிறது கடவுளா, நமது கைவேலையா?

தேதிப் பைத்தியமும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். 2020-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதியும், 2022-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதியும் எட்டு இலக்கமாக எழுதினால் முன்னும் பின்னும் ஒன்றாக வந்தன. உடனே அதிர்ஷ்டம் என்றார்கள். பல நாடுகளில் அந்த நாளில் கலியாணம் செய்துகொள்ளப் போட்டி. அமெரிக்காக்காரன் மாதத்தை முன்னும் தேதியைப் பின்னும் எழுதுகிறவன். அவன் கணக்கில் 2022 பிப்ரவரி 22 திரும்பி வராது. நமது பஞ்சாங்கக்காரனைக் கேட்டாலோ, அது பிலவ வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் என்பான். பிலவ வருஷத்தைத் திருப்பினால் “வலபி” என்று வரும். அதற்கு என்ன அதிர்ஷ்டமோ தெரியவில்லை. ஒரே சூரியன், ஒரே நாள். எழுதுகிறவன் கையைப் பொறுத்து அதிர்ஷ்டம் வருவதும் போவதுமாக இருந்தால், அந்த அதிர்ஷ்டத்தை யார் உண்டாக்கினது?

இந்த மூடத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ரோமாபுரிக்காரர்களின் லத்தீன் பாஷையில் ஐந்து எழுத்துச் சொற்கள் ஐந்தை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிய ஒரு சதுரம் உண்டு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், எப்படிப் படித்தாலும் “சாட்டோர், அரெப்போ, டெனெட், ஓபெரா, ரோட்டாஸ்” என்ற அதே சொற்கள்தான் வரும். விதைப்பவன், பிடித்திருக்கிறான், வேலை, சக்கரங்கள் என்று நான்கு சொற்களுக்கு அர்த்தம் உண்டு. “அரெப்போ” என்பது மட்டும் லத்தீனில் வேறெங்கும் காணாத சொல். யாரோ ஓர் ஆளின் பெயராக இருக்கலாம் என்று பண்டிதர்கள் ஊகிக்கிறார்கள். அதாவது கட்டம் சரியாக வரவேண்டும் என்பதற்காக ஒரு சொல்லையே செய்து போட்டிருக்கிறான் என்று நினைக்க இடமிருக்கிறது. வேலை தெரிந்தவன்தான், ஆனால் வேலை செய்தவன் மனிதன்!

பிற்காலத்தில் இந்தச் சதுரம் மந்திரமாகிவிட்டது. நெருப்பை அணைக்கத் தட்டில் எழுதித் தீயில் எறிந்தார்கள். வெறிநாய் கடித்தால் ரொட்டித் துண்டில் எழுதித் தின்னக் கொடுத்தார்கள். சில கிறிஸ்தவர்கள் இந்த எழுத்துகளைக் கலைத்துச் சிலுவை வடிவில் அடுக்கி, இது தங்கள் ஜபத்தின் இரகசியம் என்றார்கள். அப்புறம் இத்தாலியில் பாம்பேயி என்ற ஊரை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தபோது, அந்த ஊரிலேயே இந்தச் சதுரம் கீறப்பட்டிருந்தது 1925-லும் 1936-லும் கண்டுபிடிக்கப்பட்டது. பாம்பேயி 79-ம் வருஷத்தில் வெசூவியஸ் என்ற எரிமலை கக்கி மூடிப்போன ஊர். அந்தக் காலத்தில் அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்களா என்பதே சந்தேகம் என்பதால், சிலுவை வியாக்கியானம் ஆட்டம் கண்டுவிட்டது. அது போகட்டும். நெருப்பை அணைக்கும் என்று சொல்லப்பட்ட சதுரத்தைத் தூணில் கீறி வைத்திருந்த ஊர், நெருப்பு மலையின் சாம்பலுக்கடியில் அல்லவா போய்ச் சேர்ந்தது! அந்தச் சதுரம் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டது; ஊராரைக் காப்பாற்றவில்லை.

வெறிநாய்க் கடிக்கு ரொட்டி தின்ற ஐரோப்பாவில்தான், பிரான்சு தேசத்துப் பாஸ்டர் 1885-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி ஒன்பது வயதுப் பையனுக்குத் தாம் ஆராய்ந்து கண்ட தடுப்பு மருந்தை ஊசியால் ஏற்றச் செய்தார், பையன் பிழைத்தான். 1907-ல் நமது குன்னூரிலேயே அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சிசாலை ஏற்பட்டது. பல நூறு வருஷம் தின்ற ரொட்டி செய்யாததை ஓர் ஊசி செய்தது. ஏன்? ரொட்டிக்காரன் எழுத்தைத் திருப்பினான். பாஸ்டர் கேள்வியைத் திருப்பினார். “மந்திரத்தால் விஷம் ஏன் இறங்காது?” என்று கேட்பதை விட்டு, “விஷம் என்பது எது? எங்கே இருக்கிறது? எப்படி ஏறுகிறது?” என்று கேட்டார்.

இயற்கையிலும் மாலைமாற்று இல்லாமல் இல்லை. உயிர்களின் அணுக்களுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் சரடு இரட்டைச் சரடு. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்தால் குறிக்கப்படும் பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சரட்டில் ஏ இருந்தால் எதிர்ச் சரட்டில் டி, ஒன்றில் ஜி இருந்தால் மற்றதில் சி. சில இடங்களில் ஒரு சரட்டை முன்னோக்கியும் எதிர்ச் சரட்டைப் பின்னோக்கியும் படித்தால் “ஜி ஏ ஏ டி டி சி” என்ற அதே வரிசை வருகிறது. ஒரு வகைக் கிருமி, தன்னைத் தாக்க வரும் வேறு கிருமியின் சரட்டில் இந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டிவிடுகிறது. விஞ்ஞானிகள் இதைக் கண்டவுடன் தகடு எழுத உட்காரவில்லை. வெட்டும் பொருளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். அதற்காக மூன்று பேருக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி வெட்டி ஒட்டும் வித்தையினால்தான் நீரிழிவுக்காரர்களுக்கு வேண்டிய இன்சுலினைக் கிருமியைக் கொண்டே செய்து, 1982-ல் மருந்தாக்கினார்கள். மாலைமாற்றை அறிந்தவன் கையில் அது மருந்தாயிற்று. ஏய்க்கிறவன் கையில் அது தகடாயிற்று. வித்தியாசம் எழுத்தில் இல்லை தோழர்களே, புத்தியில் இருக்கிறது.

இனி நமது வைதிகர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். எழுத்தைத் திருப்புகிற சங்கதியில் அவர்கள் சொல்லுகிற இரண்டு கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாகவும் கொள்ளைக்காரனாகவும் இருந்த வால்மீகிக்கு “ராம” என்று சொல்ல வரவில்லையாம், “மரா மரா” என்று திருப்பிச் சொன்னானாம், அதற்கே மகரிஷியாகிவிட்டானாம். இது ஒரு கதை. துவஷ்டா என்பவன் இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று யாகம் செய்தபோது, ஒரு சொல்லில் ஸ்வரம் மாறிப்போனதனால், பிறந்த பிள்ளை இந்திரனைக் கொல்லாமல் இந்திரனால் கொல்லப்பட்டானாம். இது மற்றொரு கதை. முழுப் பெயரைத் தலைகீழாகச் சொன்னவனுக்குப் பதவி; ஸ்வரம் சற்றுத் தவறினவன் பிள்ளைக்குச் சாவு! இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? ஒன்று ஆள் பிடிக்கிறதற்கு, மற்றொன்று ஆளை விலக்கி வைக்கிறதற்கு. “பெயரைச் சொல்லு, போதும்” என்பது உண்டியலுக்கு முன்னால். “உனக்கு உச்சரிக்கத் தெரியாது, தள்ளி நில்லு” என்பது மந்திரத்துக்கு முன்னால்.

வேதத்தைச் சொற்களை முன்னும் பின்னுமாகத் திருப்பி ஓதுகிற ஜடை, கனம் என்ற பாட முறைகள் இருக்கின்றன. எழுதி வைக்காமல் வாயால் காப்பாற்றிய காலத்தில் சொல் தவறாமல் இருப்பதற்கு அது நல்ல யுக்தி என்று நாமே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அதைச் சூத்திரன் காதால் கேட்டாலே அந்தக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுகிறதே, அதையும் மனப்பாடம் செய்து காப்பாற்றினார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று இருக்கிறது. 17-ம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துப் பக்கத்தில் இருந்த வேங்கடாத்வரி என்ற வடமொழிப் புலவர் “ராகவ யாதவீயம்” என்று முப்பது சுலோகம் செய்தார். முன்னாலிருந்து படித்தால் ராமன் கதை. பின்னாலிருந்து படித்தால் கிருஷ்ணன் கதை. கெட்டிக்காரத்தனமான வேலைதான். நேரே படிப்பதற்கு அனுலோமம் என்றும், திருப்பிப் படிப்பதற்கு விலோமம் என்றும் பிரதிலோமம் என்றும் பெயர். இந்த வார்த்தைகளை வேறு எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? ஆம், கலியாண விஷயத்தில் கேட்டிருக்கிறோம். மேல் ஜாதி ஆண் கீழ் ஜாதிப் பெண்ணைக் கட்டினால் அனுலோமம். கீழ் ஜாதி ஆண் மேல் ஜாதிப் பெண்ணைக் கட்டினால் பிரதிலோமம். சூத்திரனுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் மனிதர்களில் கடைப்பட்ட சண்டாளன் என்பது மநுவின் பத்தாவது அத்தியாயம். சுலோகத்தைத் திருப்பினால் கிருஷ்ணன் பிறக்கிறான். கலியாணத்தைத் திருப்பினால் சண்டாளன் பிறக்கிறான்! எழுத்தைத் திருப்பலாம், வாழ்த்துவார்களாம். மனிதன் வரிசையைத் திருப்பக் கூடாது, வெட்டுவார்களாம்!

மநுவின் எட்டாவது அத்தியாயத்தையும் திருப்பிப் படித்துப் பாருங்கள். பார்ப்பனனை க்ஷத்திரியன் திட்டினால் 100 பணம் அபராதம். வைசியன் திட்டினால் 150 அல்லது 200. சூத்திரன் திட்டினால் உடம்பில் தண்டனை. இப்போது திருப்புங்கள்: பார்ப்பனன் க்ஷத்திரியனைத் திட்டினால் 50, வைசியனைத் திட்டினால் 25, சூத்திரனைத் திட்டினால் 12 பணம். அதே வாய், அதே வசவு. மேலிருந்து படித்தால் ஒரு விலை, கீழிருந்து படித்தால் ஒரு விலை. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி பாட்டுக் கட்டத் தெரிந்த கூட்டத்துக்கு, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக வரும்படி ஒரு நீதி எழுதத் தெரியாமலா போய்விட்டது? தெரியாமல் அல்ல, வேண்டாம் என்றுதான்.

“அதெல்லாம் பழைய கதை, 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று சொல்லிவிட்டதே” என்று சிலர் சொல்லக்கூடும். காகிதத்தில் சொல்லிவிட்டது, சந்தோஷம். ஆனால் ஜாதி தாண்டிக் கலியாணம் செய்துகொண்ட பிள்ளைகளை, அதிலும் பெண் மேல் ஜாதி, ஆண் கீழ் ஜாதி என்றால், பெற்றவர்களும் உறவினர்களுமே கொல்லுகிற செய்தி இன்றும் வருகிறதா, இல்லையா? கொல்லுகிறவர்களெல்லாம் பார்ப்பனர்கள்தானா? இல்லை. மநு எவனைச் சூத்திரன் என்று இழிவு செய்தானோ, அவனே அருவாளைத் தூக்குகிறான். தன்னை மிதித்த காலைத் தலையில் வைத்துக்கொண்டு, தனக்குக் கீழே மிதிக்க ஒருவன் வேண்டும் என்கிறான். நாம் கோபித்துக்கொள்ள வேண்டியது முதலில் நம்மவர்கள் பேரில்தான். மேலே பார்த்துப் “பிறப்பால் உயர்வு தாழ்வு ஏது?” என்று கேட்கிறவன், அதே வாக்கியத்தைக் கீழிருப்பவன் தன்னைப் பார்த்துக் கேட்டால் சகித்துக்கொள்ள வேண்டாமா? அவன் சுயமரியாதை ஒரு பக்கமிருந்து மட்டும் படிக்கிற சுயமரியாதையா?

ஆகவே தோழர்களே! மாலைமாற்றை விளையாட்டாக விளையாடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் மூளை கூர்மையாகும். திருப்பிப் படித்தால் தெய்வம் என்றால், நமது “காக்கா”வைவிடப் பெரிய தெய்வம் இல்லை. “கைரேகை”யும் அப்படியே வரும், கையைப் பார்த்துச் சொல்லுகிறவன் சொன்னது மட்டும் வராது! ஆனால் சொல்லை மாத்திரம் திருப்பிப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். எவன் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிப் பாருங்கள். “தகடு கட்டிப் பிழைத்தான்” என்றால், “தகடு கட்டிச் செத்தவன் எத்தனை பேர்? கட்டாமல் பிழைத்தவன் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். “இது தர்மம்” என்றால், “கீழிருப்பவனை மேலும், பெண்ணை ஆணாகவும் மாற்றி வைத்துப் படித்தாலும் இது தர்மம்தானா?” என்று கேளுங்கள். நிற்கிறதை ஏற்றுக்கொள்ளுங்கள், விழுகிறதை விட்டுவிடுங்கள்.

நாய் கடித்தால் புண்ணை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொன்ன நாட்களில் ஊசி போட்டு முடியுங்கள். தகட்டுக்காரன் வந்தால் அவன் தகட்டை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.